28 வருடம் கழித்து, அதே ஊரில், அதே ஆள்

கரிசல்மழை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 46 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. 1996-ல் பிளஸ் டூ முடித்தேன். ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி தனித்தனி என்றாலும் கணக்கு டியூஷனில் எல்லாரும் ஒன்றாகத்தான் உட்காருவோம். மாடியில் ஓலைக் கொட்டகை, இரண்டு கரும்பலகை, ஒரு டியூப்லைட். அங்கே ஒருவன் இருந்தான். அவன் அப்பா கடலை மிட்டாய் போடுகிறவர். பாகு இறக்கிப் பலகையில் தேய்த்து வெட்டும்போது ஓரத்தில் உடைந்து விழும் துண்டுகளைத் தினத்தந்தித் தாளில் மடித்துக் கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரம் என் நோட்டுக்கு அடியில் வைப்பான். இரண்டு வருடம் அவ்வளவுதான். சினிமாவுக்குப் போனது கிடையாது, கையைத் தொட்டது கிடையாது. மொத்தம் நான்கு கடிதம்.

நான்காவது கடிதம் என் அண்ணன் கையில் சிக்கியது. அவர்கள் வேறு சாதி. அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. டியூஷன் நின்றது, பரீட்சைக்கு அண்ணன் சைக்கிளில்தான் போனேன். அப்புறம் சென்னையில் சித்தி வீடு, படிப்பு, 2002-ல் கல்யாணம். என் கணவர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் ஏதோ 17 வருடம் வேறொருவரை நினைத்துக்கொண்டே குடும்பம் நடத்தியதாக யாரும் எண்ணக் கூடாது. நினைக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தேன். 2019-ல் மாரடைப்பு. காலையில் ஆபீஸ் போனவர் மாலையில் இல்லை.

2022-ல் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஊரோடு வந்துவிட்டேன். மகள் கோவையில் கல்லூரி, மூன்றாம் வருடம். நான் இங்கே ஓர் அச்சகத்துக்குக் கணக்கு எழுதுகிறேன்.

போன வருடம் செண்பகவல்லி அம்மன் பங்குனித் தேரோட்டத்தில் அவரைப் பார்த்தேன். வடத்துக்குப் பக்கத்தில் நின்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் டம்ளரை நீட்டி, "வாங்க, எப்ப வந்தீங்க" என்றார். டியூஷனில் "ஏ, நீ அந்தக் கணக்கு போட்டியா" என்று கேட்டவர் "நீங்க" என்றது எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நானும் "நீங்க" என்றேன். ஒரு வருடம் அப்படியே போனது. அவருக்கு 2014-ல் விவாகரத்து ஆகிவிட்டது, குழந்தை இல்லை. அப்பா நடத்திய அதே அடுப்பை அவர்தான் நடத்துகிறார்.

இந்த ஆனி மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு போன். அவர் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "நீ கொஞ்சம் வர்றியா?" என்றார். அன்றைக்கு வந்த "நீ" அப்புறம் மாறவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார். எனக்கு ஆசை இருக்கிறது. மறைக்க விரும்பவில்லை. ஆனால் யாரிடம் முதலில் சொல்வது? அம்மாவிடமா, மகளிடமா, அண்ணனிடமா? அதைவிடப் பெரிய பயம் ஒன்று. நாங்கள் இருவரும் இப்போதைய மனிதர்களைப் பிடித்துத்தான் சேருகிறோமா, இல்லை அந்தக் கொட்டகையையும் டியூப்லைட்டையும் பிடித்துக்கொண்டிருக்கிறோமா?

முத்துநகர்வாசி

அக்கா, நான் ஆறுமுகநேரி பக்கம். எங்கள் ஊரில் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்த ஆறே மாதத்தில் இரண்டு குடும்பம் சிதறியது. அதனால் தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. முழுதாகப் படித்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. உங்கள் இரண்டு பேர் வீட்டிலும் ஏமாற்றப்படுகிறவர் யாரும் இல்லை. அந்த ஒரு விஷயம் போதும். தைரியமாக இருங்கள்.

வழக்கறிஞர்_நெல்லை

சகோதரி, மனசு விஷயத்தை மற்றவர்கள் சொல்வார்கள். நான் காகித விஷயத்தைச் சொல்கிறேன். பலரும் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு அழுதுகொண்டு வருகிறார்கள்.

"2014-ல் விவாகரத்து ஆகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட் தீர்ப்பா, பஞ்சாயத்துத் தீர்ப்பா? நம் பக்கம் அடிக்கடி சிக்குவது இங்கேதான். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து, முத்திரைத்தாளில் "இனி ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லை" என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, நகையைத் திருப்பிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். இருவரும் அதை விடுதலை என்று நம்பிப் பத்து வருடம் ஓட்டிவிடுவார்கள். இந்து திருமணச் சட்டத்தில் அந்தத் தாளை விவாகரத்து என்று காட்ட முடியாது. சாதி வழக்கப்படி தீர்த்துக்கொண்டோம் என்பவர்களும் அப்படியொரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அது லேசில் நடக்காது. முதல் மனைவி இருக்க, கோர்ட் தீர்ப்பு இல்லாமல் இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது. அவர் மீது வழக்குப் போட்டால் ஏழு வருடம் வரை சிறை. தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிக் கண்ணால் பாருங்கள். இரண்டு பேரும் சம்மதித்து வாங்கியதா, ஒரு தரப்பு வராமலே சொல்லப்பட்டதா என்பதும் முக்கியம். மேல்முறையீட்டுக்கு 90 நாள், அது எப்போதோ தாண்டியிருக்கும். ஆனாலும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்றால் அவர்கள் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு வரும் வாய்ப்பு இருக்கிறது. கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

கல்யாணத்தை எப்படிச் செய்வது? சிறப்புத் திருமணச் சட்டத்தில் போனால் 30 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். சிறிய ஊரில் அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இருவரும் இந்து என்றால் அதற்கு அவசியமே இல்லை. சாதி மாறிச் செய்ய இந்து திருமணச் சட்டத்தில் எந்தத் தடையும் கிடையாது. 1967-ல் அண்ணா ஆட்சியில் சேர்த்த 7ஏ பிரிவு இருக்கிறது, சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் வேண்டாம், தீ வலம் வேண்டாம். நான்கு பேர் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். ஊரைக் கூட்டிப் பகிரங்கமாகச் செய்தால்தான் செல்லும் என்று கிடையாது என 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிறகு 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள்.

அடுத்தது பணம். உங்கள் கணவர் கம்பெனி வேலையில் இருந்தவர் என்றால் பி.எஃப். விதவை ஓய்வூதியம் வருகிறதா? மறுமணத்தோடு அது உங்களுக்கு நின்றுவிடும். மகளுக்கு 25 வயது வரை அவள் பங்கு உண்டு, அந்தத் தொகை மாறும். அலுவலகத்துக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள். மறைத்து வாங்கினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கணவர் பெயரில் வீடோ நிலமோ இருந்தால், உயில் இல்லாத பட்சத்தில் நீங்கள், மகள், கணவரின் அம்மா மூவருக்கும் சம பங்கு. மறுமணம் செய்வதால் உங்கள் பங்கு போகாது. மாமியார் வீட்டில் யாராவது "போகும்" என்று மிரட்டினால் நம்பாதீர்கள்.

தாமிரபரணித்தங்கை

எல்லாரும் ஆதரவாகச் சொல்லும்போது நான் மட்டும் குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம் அக்கா. நானும் சின்ன ஊரில் வாழ்கிறவள். உங்கள் மகளுக்கு 20 வயது. இன்னும் நான்கைந்து வருடத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பீர்கள். "அம்மா ரெண்டாவது கட்டிக்கிட்டவ" என்று ஒரு வார்த்தை விழும். விழக் கூடாதுதான், ஆனால் விழும். 28 வருடம் பொறுத்தீர்கள், இன்னும் ஐந்து வருடம் பொறுத்தால் பிள்ளை ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் உங்கள் வாழ்க்கை உங்களுக்கு.

கரிசல்மழை

வக்கீல் அண்ணா, ரொம்ப நன்றி. உங்கள் பதிவை அப்படியே அவருக்கு அனுப்பினேன். கோர்ட்டில் வாங்கியதுதான் என்கிறார், நகல் எங்கே என்று தேடுகிறார்.

தங்கை சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. நானே என்னிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தைதான் அது. போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்குள் பேச முடியாது என்று கழுகுமலைக்குப் போனோம். தனித்தனியாக, வேறு வேறு பஸ்ஸில். மலை மேலே சமணச் சிற்பங்கள் இருக்கும் பாறைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெரும்பாலும் அவர் அப்பாவின் சிறுநீரகம், என் அம்மாவின் இடுப்பு, இதுதான் பேச்சு. திரும்பும்போது மழை வந்துவிட்டதால் ஒரே பஸ்ஸில் ஏறிவிட்டோம். கண்டக்டர் அவருடைய கடைக்கு வருகிறவர். அவரிடம் இரண்டு டிக்கெட்டைச் சேர்த்துக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது, "என்ன, கழுகுமலைக் கோயிலுக்கா?" என்று பால்காரம்மா கேட்டது.

46 வயதில் ஒளிந்து ஒளிந்து பஸ் ஏறுவது எனக்கு அசிங்கமாக இருக்கிறது. 17 வயதில் அப்படி இல்லை, அப்போது அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இன்னும் ஐந்து வருடம் இப்படி ஏற என்னால் ஆகாது.

ஆண்டாள்ஊர்

நான் அந்த மகளின் இடத்தில் இருந்தவள். அதனால் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பா இறந்தபோது எனக்கு 14 வயது. எனக்கு 19 ஆகும்போது அம்மா, தன்னோடு படித்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அது தப்பு என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது ஒன்றுதான். அம்மா சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. தெருவில் ஒரு அத்தை, "உங்க அம்மாவுக்கு நல்ல காலம் பொறந்துட்டு போல" என்று தேங்காய்ச் சில்லைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார். நான் அந்தச் சில்லைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கையெல்லாம் எண்ணெய். ஊருக்கே தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதம் அம்மாவோடு பேசவில்லை. கல்யாணத்துக்காகக் கோபித்துக்கொண்டேன் என்றுதான் அம்மா நினைத்தார்.

என் பரீட்சை கெட்டுவிடும் என்று மறைத்தாராம். நல்ல எண்ணம்தான்.

அவரை நான் அப்பா என்று கூப்பிட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. முதல் இரண்டு வருடம் "சார்", இப்போது "மாமா". கூடத்தில் அப்பா படம் இருக்கிறது. கல்யாணமானதும் அதை உள் அறைக்கு மாற்ற அம்மா எடுத்தாராம். "இருந்த இடத்துலயே இருக்கட்டும், அது புள்ள பார்த்துப் பழகின இடம்" என்று அவர்தான் தடுத்தாராம். இது எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும். எனக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை விழுந்தது உண்மை. தாமிரபரணித்தங்கை சொன்னது நடந்தது. அந்த வரன் போனது. அடுத்து வந்தவர்கள் கேட்கவே இல்லை, அவர்களோடுதான் இப்போது இருக்கிறேன்.

அக்கா, மகளிடம் முதலில் சொல்லுங்கள். அண்ணனுக்கு முன்னால், அம்மாவுக்கும் முன்னால். போனில் வேண்டாம். அனுமதி கேட்கிற மாதிரியும் வேண்டாம், அது அவள் தலையில் பாரத்தைத் தூக்கி வைக்கிற மாதிரி. "என் மனசில் இது இருக்கிறது, ஊருக்கு முன்னால் உன்னிடம் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் அழுதால் அழ விடுங்கள்.

கம்பம்காரர்

நான் தோற்றுப்போன கதைக்காரன். அதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

என் கதையும் கிட்டத்தட்ட இதுவே. பள்ளிக்கூடப் பழக்கம், விவாகரத்துக்குப் பிறகு அதே ஊரில் மறுபடி சந்தித்தோம். ஒன்றரை வருடம். திரும்பிப் பார்த்தால் நாங்கள் பேசியதெல்லாம் பழைய கதை. எந்த வாத்தியார் எப்படி அடிப்பார், எந்த மழையில் யார் நனைந்தோம். எனக்கு நான்கு லட்சம் கடன் இருந்தது, அதை ஒரு நாளும் சொல்லவில்லை. பேச்சு அந்தப் பக்கம் வந்தாலே இன்னொரு பழைய கதையை எடுத்துவிடுவேன். தெரிந்தபோது அவர் சொன்னார், "நீ மாறவே இல்லைன்னு சந்தோஷப்பட்டேன். இப்ப உன்னை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு தோணுது." அதோடு முடிந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

உங்கள் பதிவில் என் கண்ணில் பட்டது கழுகுமலைப் பேச்சு. சிறுநீரகமும் இடுப்பும் பேசினீர்கள் அல்லவா? நாங்கள் ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட அப்படிப் பேசவில்லை. கொட்டகையா, மனிதரா என்று கேட்டீர்களே, அதற்கு அதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதிக்கு, கடை மேல் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் அம்மா படுத்துவிட்டால் எந்த வீட்டில் இருப்பீர்கள் என்றும் கேளுங்கள். அவர் எரிச்சல்படாமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

மதுரைமணி

கம்பம்காரர் சொன்னதோடு ஒன்று. நான்சி கேலிஷ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1990-களில் தொடங்கி, பழைய காதலரோடு மறுபடி சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு ஆராய்ந்தார். இளவயதில் பிரிந்ததற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது பெற்றோர் எதிர்ப்பு. அமெரிக்காவிலேயே அப்படி! வெளியிலிருந்து வந்த தடையால் பிரிந்து, இப்போது இருவரும் தனியாள்களாக இருந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நன்றாகவே நிலைத்தார்கள் என்றார். வேறு குடும்பம் இருக்கும்போது "சும்மா பேசிப் பார்க்கலாம்" என்று தொடங்குகிறவர்களைத்தான் கடுமையாக எச்சரித்தார். முத்துநகர்வாசி சொன்ன வாட்ஸ்அப் கதைதான் அது. உங்களைப் பிரித்தது உங்கள் குணம் இல்லை, உங்கள் அண்ணனின் சைக்கிள். இந்த வித்தியாசம் பெரிது.

கரிசல்மழை

ஏழு வாரம் ஆகிவிட்டது. எழுதாமல் விட்டதற்கு மன்னிக்கவும்.

கோவைக்குப் போனேன். ஆண்டாள்ஊர் தங்கை சொன்ன மாதிரியே சொன்னேன். ஹாஸ்டல் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் மனப்பாடம் செய்துவைத்திருந்ததில் பாதி மறந்துவிட்டது. மகள் அழவில்லை. ரொம்ப நேரம் செருப்பு வாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள். அவள் அப்பாவுக்கு அந்த நான்கு கடிதம் பற்றிக் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தேன், அதைச் சொன்னேன். "அவர் என்ன சொன்னார்?" "கடலை மிட்டாய் கொடுத்தே ஆளை மயக்கப் பார்த்திருக்கானே என்று சிரித்தார்." அப்போதுதான் அழுதாள். அது வேறு அழுகை. நானும் அழுதேன்.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்கு வந்தவள், தானே கடைக்குப் போகலாம் என்றாள். அடுப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் இவளைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்கம்மா" என்றார். அப்புறம் பேச ஒன்றும் இல்லாமல் மறுபடி பாகுக்கே போய்விட்டார். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, அது இறுகியதும் எடுத்துத் தட்டில் போட்டார். டங் என்று சத்தம் கேட்டது. "இந்தச் சத்தம் வந்தாத்தான் பதம்மா. முன்னாடி இறக்குனா பல்லுல ஒட்டும், பிந்துனா கசக்கும்" என்றார். "அடுத்தது நான் பார்க்கவா?" என்று கேட்டு இவளும் ஒரு சொட்டு விட்டாள். சத்தம் வரவில்லை. "இன்னும் ஒரு நிமிஷம்" என்று காத்திருந்தார்கள். மூன்றாவது தடவை வந்தது. வறுத்த கடலையைக் கொட்டிக் கிளறி, மாவு தூவிய பலகையில் பரப்பி, மேலே கலர் தேங்காய்ப்பூவை அவளே தூவினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "அவர் கையெல்லாம் ஏம்மா அப்படி இருக்கு?" என்றாள். பாகு தெறித்த தழும்புகள். டியூஷனில் பார்த்த கையில் அவை கிடையாது. எது எப்போது பட்டது என்று எனக்கும் தெரியாது என்று சொன்னேன். கம்பம்காரர் அண்ணா, கடனைக் கேட்டுவிட்டேன். ஒன்றே முக்கால் லட்சம், வறுக்கும் மெஷினுக்கு வாங்கியது, மாதத் தவணைச் சீட்டைக் காட்டினார். அம்மா விஷயம் கேட்டதற்கு, "உங்க அம்மா எங்க இருக்காங்களோ அங்க. எங்க அப்பாவையும் கூட்டிக்கிட்டு வந்தா ஏத்துக்குவாங்களா?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அண்ணன் போனை எடுப்பதில்லை. எடுக்கும்போது எடுக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லி ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையிலிருந்து மகள் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரிக்கவும் இல்லை. நேற்று பார்த்தேன், எறும்பு ஏறாமல் இருக்க அதைப் பொட்டலத்தோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, தன் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

வக்கீல் அண்ணா, தீர்ப்பு நகல் கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் சம்மதித்து வாங்கியதுதான். ஆனால் அதில் அவர் அப்பா பெயர் ஓர் இடத்தில் தப்பாக இருக்கிறது. பதிவின்போது இடைஞ்சல் வருமா, முன்னாலேயே திருத்த வேண்டுமா? தை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம், அதற்குள் முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள்.